சாக்குக்குள்ள சாட்சி

ஏனுங்க தம்பி, காலைக் கொஞ்சம் அக்கட்டால வெச்சுக்கங்க. சாக்குல இடிக்குது. ஒடையற சாமான் இல்லைங்க, இருந்தாலும் இடிக்கப்படாது. உள்ள இருக்கறது சாட்சி.

பேட்டரிங்க. கார் பேட்டரி. காங்கேயத்துல ஏறும்போதே கண்டக்டர் மொறைச்சாரு, ஆசிட் கீசிட் கொட்டுமான்னு. கொட்டாதுங்க, சீல் வெச்சது, வேணும்னா என்ற மடியிலயே வெச்சுக்கறேன்னு சொன்னேன். அப்பறம்தான் ஏற விட்டாரு.

கார் வெச்சிருக்கறவன் பஸ்ஸுல ஏன் பேட்டரியைத் தூக்கிட்டுத் திரியறான்னுதானே பாக்கறீங்க? பாருங்க, எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க. காரு ஆறு மாசமா போர்டிகோவுல நிக்குது. அடியில பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வளந்து ஓடிப் போயிருச்சு. வேற பேட்டரி ஒண்ணு வாங்கிப் போட்டா ஓடிருமேன்னு எங்கூட்டுக்காரி தெனமும் சொல்றா. அவளுக்கு என்ன தெரியும்? ஓடிருச்சுன்னா கேசு நிக்குமா? கேசு நிக்கோணும்னா காரு நிக்கோணும்.

திருப்பூர் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறேனுங்க. பதினொரு மணிக்குக் கூப்பிடுவாங்க. அந்த நல்லசிவமும் வருவான். வரட்டும். இன்னியோட அவன்ற கடைக்குப் பூட்டு. அந்தப் பூட்டை என்ற கண்ணால பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். ஆறு மாசமா சரியா எறங்கலைங்க, பொய் சொல்லக் கூடாது.

நல்லசிவம் யாருன்னா, வேத்தாள் இல்லைங்க. என்ற சித்தப்பன் மகன். பங்காளி. தாராபுரம் ரோட்டுல பேட்டரிக் கடை வெச்சிருக்கான். என்னைவிடப் பன்னண்டு வயசு சின்னவன். வாய் நெறைய அண்ணா அண்ணான்னு கூப்புடுவான். ஒறம்பரையில யாரு ஊட்டுல விசேசம்னாலும் அவன்தான் மொதல்ல போய் அண்டா தூக்குவான். நல்லசிவம் மாதிரி உண்டான்னு கெழவிங்க எல்லாம் மெச்சுவாங்க. என்ற தங்கச்சி கல்யாணத்துல, செலவெல்லாம் நானு, பேரு அவனுக்கு. நான் பொறாமைக்காரன் இல்லைங்க. நடந்ததைச் சொல்றேன்.

நமக்குத் தேங்காய்க் களம். கொப்பரை ஒணத்தற தொழிலு. களத்துக்காரர் சென்னியப்பன்னா காங்கேயத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எதுக்கு இதைச் சொல்றேன்னா, நான் எதையும் மொறையாச் செய்யறவன். ஒரு தேங்காய்ப் பருப்பு ஈரமா இருந்தாலும் மூட்டையையே திருப்பிக் கொட்டி மறுபடி காய வெப்பேன். செய்யறதை மொறையாச் செய்யோணும். அவ்வளவுதான் என்ற கொள்கை.

ஒரே தங்கச்சிங்க எனக்கு. கோகிலவாணி. அப்பன் போனப்பறம் நான்தான் படிக்க வெச்சேன், நான்தான் கட்டிக் குடுத்தேன். கல்யாணமாகி எட்டு வருசம் கழிச்சுத்தான் அவளுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. தன்ஷிகான்னு பேரு. நான் வெச்ச பேரு இல்லை, அது போகட்டும். அந்தக் கொளந்தைக்கு மூணாம் வருசம் காதுகுத்து. மொட்டையடிச்சு, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தோணும். நீங்க எந்தப் பக்கமோ தெரியலை, எங்க பக்கம் அந்த மடிக்கு அவ்வளவு மருவாதிங்க. பட்டுப்பாவாடை, தோடு, சீர்த்தட்டு எல்லாம் மாமன் கொண்டு வரோணும். மாமன் வந்து உக்காந்தாத்தான் ஆசாரி ஊசியையே கையில எடுப்பாரு.

எங்களுக்குக் கொளந்தை இல்லைங்க. பாக்காத வைத்தியமில்லை. அதைச் சொல்லி இனி என்ன ஆகப் போகுது. ஆனா ஒரு கொளந்தை என்ற மடியில உரிமையா உக்காரப் போறது அந்த ஒரு நாளுதான். அதுக்கு மூணு வருசமாக் காத்துட்டு இருந்தேன். நல்லசிவத்துக்கு மூணு புள்ளைங்க. அவன்ற மடி தேஞ்சு போன மடி. அவனுக்கு எதுக்குங்க இன்னொரு கொளந்தை?

படியூரா இது? இன்னும் நேரம் இருக்குது. சொல்றேன் கேளுங்க.

காதுகுத்து ஞாயித்துக்கெழமை. குலதெய்வம் கோயில் கொடுமுடிக்கு அங்கிட்டு, ஆத்தோரம். எங்கூட்டுல இருந்து கார்ல ஒண்ணரை மணி நேரம். முகூர்த்தம் ஏழரையில இருந்து ஒம்பது. பழைய பேட்டரி கொஞ்சம் சொணங்கிட்டு இருந்துச்சு, காத்தால நாலு வாட்டி சாவி போட்டாத்தான் கெளம்பும். அன்னைக்குப் பாத்து மக்கர் பண்ணக் கூடாதுன்னு சனிக்கெழமை சாயங்காலம் நல்லசிவத்தைக் கூப்புட்டுப் புதுசு மாட்டச் சொன்னேன். வந்தான். அரை மணி நேரத்துல மாட்டிட்டான். சாவியைத் திருகுனதும் ஒரே அடியில கெளம்புச்சு. பொய் சொல்ல மாட்டேன், ஜம்முன்னு கெளம்புச்சுங்க. “ஆச்சுங்கண்ணா, இனி நாலு வருசத்துக்கு இதைத் திரும்பிப் பாக்க வேண்டாம். காத்தால கோயில்ல பாக்கலாம்”னு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டான்.

இங்கதான் நீங்க கவனிக்கோணும். புதுச் சாமான் ஊட்டுக்கு வருது. ஒரு பொட்டு வெக்கலை. ஒரு சூடம் காட்டலை. ஸ்பானரைத் தொடைச்சு டவுசர் பாக்கெட்டுல போட்டுட்டுப் போயிட்டான். பொழுதன்னைக்கும் பேட்டரி மாட்டறவனுக்கு அது வெறும் பேட்டரி. எனக்கு அப்படியா? விடிஞ்சா மாமன் சீரைச் சொமக்கப் போற வண்டிங்க.

நானே செஞ்சேன். கையைக் காலைக் கழுவிட்டு, சந்தனக் கட்டையை எடுத்துக் கல்லுல கெட்டியா அரைச்சேன். கடையில விக்கற பொடியெல்லாம் நமக்கு ஆகாது. வெளிய பெட்டி மேல பொட்டு வெச்சா அது பேருக்கு வெக்கறது. பேட்டரி மேல ரெண்டு ஈயக் குமிழ் இருக்கும் பாருங்க, ஒண்ணு பிளஸ்ஸு, ஒண்ணு மைனஸ்ஸு, டெர்மினல்னு சொல்லுவாங்க, அதுலதான் ஒயரு வந்து கிளாம்புல மாட்டுது. பேட்டரியோட உசுரே அங்கதான். வெச்சா அங்க வெக்கோணும். ஸ்பானர் எங்கிட்டயும் இருக்குது. ரெண்டு கிளாம்பையும் கழட்டினேன்.

கழட்டுனாத்தான் தெரியுது அவன் யோக்கியதை. பிளஸ் பக்கம் குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவால ஒரு செம்புத் தகட்டைச் சொருகி வெச்சிருக்கான். கிளாம்பு பெருசு, குமிழு சின்னது. ரெண்டும் சேரலை. அதுக்கு ஒரு துண்டுத் தகட்டை முட்டுக் குடுத்து இறுக்கியிருக்கான். ஒட்டு வேலைங்க! சொந்த அண்ணன் வண்டியில ஒட்டு வேலை! புடுங்கிப் போட்டேன். போட்டேன்னா வீசலைங்க. இந்தாங்க, இந்தக் கவருக்குள்ள இருக்குது பாருங்க. இது ரெண்டாவது சாட்சி.

அப்பறம் ரெண்டு குமிழையும் சுத்தி சந்தனத்தை அப்பினேன். வெரல் கனத்துக்கு. அது மேல குங்குமம். கிளாம்பைத் திரும்ப மாட்டி இறுக்குனேன். தகடு கிகடு எதுவும் இல்லாமயே கச்சுன்னு உக்காந்துச்சுங்க. ஆட்டிப் பாத்தேன், அசையலை. மொறையாச் செஞ்சா எதுக்குத் தகடு? நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் காட்டிட்டுப் பானட்டை மூடினேன். சாவி போட்டுப் பாக்கலை. பழத்தை நல்ல நேரத்துல நசுக்கோணுமில்ல, அதுக்கு முன்னால வண்டியை எடுக்கலாமா?

காத்தால அஞ்சே முக்காலுக்கு சீர்த்தட்டையெல்லாம் பின்னால வெச்சு, எங்கூட்டுக்காரி பக்கத்துல உக்காந்து, சாமியைக் கும்புட்டுட்டு சாவியைத் திருகுனேன்.

டிக்.

அவ்வளவுதாங்க. முன்னால லைட்டெல்லாம் எரிஞ்சுச்சு, திருகுனதும் எல்லாம் செத்துப் போச்சு. மறுக்கா திருகுனா மறுக்கா டிக். பல்லி கத்துற மாதிரி. கியரு நியூட்ரலா பாத்தேன். கிளட்சை அமுக்கிப் பாத்தேன். ஏசி, ரேடியோ எல்லாத்தையும் நிறுத்திப் பாத்தேன். வேற சாவி போட்டுப் பாத்தேன். டிக்.

எதுத்தூட்டு அபூபக்கர் பாய் டெப்போவுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. சத்தம் கேட்டு லுங்கியோட ஓடி வந்தாரு. காதை வெச்சுக் கேட்டுட்டு, “கனெக்சன் சரியாச் சேரலைங்க, டெர்மினலைக் கழட்டி ஒரு சுரண்டு சுரண்டி மாட்டுனாப் போதும், ரெண்டே நிமிசம்”னாரு. நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லலை. ஆனா பூசை பண்ணி வெச்சதை நல்ல நேரத்துல கழட்டறதா? அதுவும் முந்தின நாளு நானே என்ற கையால இறுக்குனது. அங்க எப்படிங்க கோளாறு இருக்கும்? வேண்டாமுங்க பாய், தள்ளி விடுங்க போதும்னேன். அவரும் இன்னும் நாலு பேரும் தள்ளுனாங்க. பழம் நாலும் நசுங்குச்சு. தெருமுக்கு வரைக்கும் தள்ளுனாங்க. வண்டி இருமக்கூட இல்லை.

நல்லசிவத்துக்குப் போன் பண்ணேன். சமையக்காரங்களைக் கூட்டிட்டு அவன் முன்னாலயே கோயிலுக்குப் போய் உக்காந்துட்டான். “அண்ணா, டெர்மினலை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க, இல்லைன்னா கழட்டி மாட்டச் சொல்லுங்க. நான் வேணா வண்டியை எடுத்துட்டு வரட்டுமா?”ங்கறான். அவன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள மூணு மணி நேரம் ஆயிரும். அது தெரியாமயா கேக்கறான்? அங்க சொகமா உக்காந்துட்டு என்னைத் தட்டச் சொல்றான்! பேசிட்டு இருக்கும்போதே வெச்சுட்டேன்.

முகூர்த்த நாளு, ஞாயித்துக்கெழமை, வாடகைக் காரு ஒண்ணு கெடைக்கலை. எங்கூட்டுக்காரியோட ரெண்டு பஸ்ஸு மாறி, சீர்த்தட்டைத் தலையில வெச்சுட்டு, கடைசி ஒரு மைலு நடந்து போய்ச் சேந்தேன். பத்தே கால்.

கோயில் வாசல்ல நிக்கறேன். மரத்தடியில ஜமுக்காளம் விரிச்சிருக்குது. நல்லசிவம் பட்டு வேட்டி கட்டிட்டு உக்காந்திருக்கான். கொளந்தை அவன் மடியில. அழுது அழுது ஓஞ்சு அவன்ற தோள்லயே தூங்கிருச்சு. மொட்டைத் தலையெல்லாம் சந்தனம். வாசம் எனக்கு வாசல்லயே அடிச்சுது.

என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான். என்ன சொன்னான் தெரியுங்களா? “வாங்கண்ணா. நேரம் தாண்டப் போகுதுன்னு பெரியவங்க சத்தம் போட்டதால ஒரு காது மட்டும் குத்தியாச்சு. இன்னொண்ணு உங்குளுக்குன்னு நிறுத்தி வெச்சிருக்குது. உக்காருங்க.”

எப்படி இருக்குது பாருங்க! பாதி தின்ன எலையில கூப்புட்டு உக்கார வெக்கற மாதிரி. நூத்தம்பது பேரு பாக்கறாங்க. மொதக் காது அவனுக்கு, மிச்சம் எனக்கு! தங்கச்சி “அண்ணா, அண்ணா”ன்னு ஓடி வர்றா. தட்டை அங்கயே வெச்சுட்டுத் திரும்புனவன்தான். தோடு மட்டும் சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சு, எடுத்து வெக்கத் தோணலை. அது இன்னமும் எங்கிட்டத்தான் இருக்குது. இந்தப் பாக்கெட்டுலதான்.

பஸ்ஸுல திரும்பி வரும்போதே எனக்கு எல்லாம் வெளங்கிருச்சுங்க. சாயங்காலம் ஓடுன வண்டி காத்தால ஏன் ஓடலை? பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருக்கான். ஒரே ஒரு வாட்டி கெளம்பற மாதிரி. எதுக்கு? அந்த மடிக்கு. ஊரே மெச்சோணும் அவனுக்கு. அன்னைக்கே முடிவு பண்ணேன். என்னை எங்க அடிச்சானோ, அவனையும் அங்கயே அடிக்கறேன். அவன் பேருல அடிக்கறேன்.

அன்னைக்குச் சாயங்காலமே கேட்டுக்கு வந்து நின்னான், கையில ஸ்பானரோட. “அண்ணா, பானட்டை மட்டும் தெறந்து காட்டுங்க”ன்னான். தெறப்பனா? தெறந்தா சரி பண்ணிருவான். சரி பண்ணிட்டா என்ற பேச்சு பொய்யாப் போயிரும். தொரத்தி விட்டேன். அடுத்த வாரமும் வந்தான். மூணாவது வாட்டி பொண்டாட்டியோட வந்தான். நாயை அவுத்து விட்டேன். கடிக்கற நாயி இல்லைங்க, இருந்தாலும் அவுத்து விட்டேன்.

அப்பறம் ஆரம்பிச்சேன் என்ற வேலையை. எங்க களத்துக்கு வர்ற லாரிக்காரங்க அத்தனை பேருகிட்டயும் சொன்னேன். எண்ணெய் மில்லுல சொன்னேன். டீக்கடையில சொன்னேன். பங்காளிங்க எல்லாருக்கும் குலதெய்வம் பேருல ஒரு வாட்ஸப் குரூப் இருக்குது, எரநூத்திப் பன்னண்டு பேரு. அதுல இந்தத் தகட்டைப் போட்டோ புடிச்சுப் போட்டேன். எனக்கு டைப் பண்ண வராது, வாயில பேசிப் போட்டேன். ஏழு நிமிசம். சொந்தக்காரனுக்கே தகடு வெக்கறவன் ஊராருக்கு என்ன வெப்பான்னு கேட்டேன். நல்லாப் பேசுனேன்னு நாலு பேரு சொன்னாங்க.

இப்ப அவன் கடையில ஈ ஓட்டறான். கடையில பாதியைப் பக்கத்துக் கடைக்காரனுக்கு விட்டுட்டான். பொண்டாட்டி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. ஒருநாளு காத்தால கம்பெனி வேன்ல ஏறும்போது பாத்தேன். மூணாவது புள்ளை கையைப் புடிச்சுட்டு அழுவுது. என்னைப் பாத்துட்டு அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நானும் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். எனக்கென்ன? என்ற தலையில கைய வெச்சவங்க அனுபவிக்கட்டும்.

பேட்டரி கம்பெனிக்கும் எழுதுனேன், அவன் ஏஜென்சியைப் புடுங்குங்கன்னு. அவங்க ஒரு இன்ஜினியரை அனுப்பிச் செக் பண்றோம்னாங்க. விடுவனா? தொட்டா சாட்சி கலைஞ்சிரும். அப்பறம்தான் கோர்ட்டுல போட்டேன். பேட்டரியைக் கொண்டு வாங்கன்னாங்க. கிளாம்பைக் கழட்டுனா நான் வெச்ச சந்தனம் உதுந்துரும், நான் எவ்வளவு சுத்தமா வெச்சிருந்தேன்னு தெரியாமப் போயிரும். அதனால ஒயரையே வெட்டி, கிளாம்போட சேத்து எடுத்துட்டு வந்துட்டேன். என்ற காரு, என்ற ஒயரு, நான் வெட்டறேன்.

தங்கச்சியா? அவகூடவும் பேச்சில்லைங்க. எங்கூட்டுக்காரிதான் திருட்டுத்தனமாப் பேசுவா. கொளந்தைக்கு இன்னும் அந்த எடது காது குத்தலையாம். அண்ணன் வந்து உக்காந்தாத்தான் குத்தறதுன்னு வெச்சிருக்காளாம். ஒத்தைக் காதோட திரியுது, பாக்கறவங்க எல்லாம் கேக்கறாங்களாம். கேக்கட்டும். கேவலம் யாருக்கு?

ஏனுங்க, சிரிக்கறீங்களா? இல்லையா? சிரிச்ச மாதிரி இருந்துச்சு. பாக்கோணுமா? தாராளமாப் பாருங்க. ஒளிச்சு வெக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குது? இருங்க, சாக்கைப் பிரிக்கறேன். பாத்தீங்களா, குங்குமம்கூட அப்படியே இருக்குது.

மெதுவாங்க. ஏன் திருகறீங்க? ஸ்பானர் இல்லாம அது வராது. நான் இறுக்குனது.

வருதே.

அன்னைக்கு அசையலைங்க. ஆட்டிப் பாத்தேனே. இப்ப என்ன இப்படிக் கையோட வருது?

எங்க? கிளாம்புக்குள்ளயா? சந்தனம்தாங்க. ஆமா, காஞ்சு சுண்ணாம்பாட்டம் ஆயிருச்சு. குமிழ்லயும் சந்தனம்தான். ஈயம் எங்க தெரியுதுன்னா? தெரியலைங்க. சுத்தியும் சந்தனமா இருந்தா ஈயம் எப்படித் தெரியும்?

நெகத்துல சுரண்டறீங்க. உள்ள பளபளன்னு இருக்குது.

ஒயரு ஈயத்தைத் தொடோணுமா. சந்தனத்தைத் தொட்டா ஆகாதா? காஞ்ச சந்தனத்துல கரண்ட் போகாதா? கொஞ்சம் போகும், லைட்டு எரியற அளவுக்கு, மோட்டாரைச் சுத்தற அளவுக்குப் போகாது. ஓகோ.

அப்ப இந்தத் தகடு? குடுங்க பாக்கலாம். கிளாம்பு லூசா இருந்தா செம்புத் தகடு வெக்கறது வழக்கமா? யாரு, நல்ல மெக்கானிக்கா? செம்புல கரண்ட் நல்லாப் போகும். அதனால வெச்சான்.

நான் அதை எடுத்துட்டு, சந்தனத்தை வெச்சு அடைச்சேன்.

ஏனுங்க தம்பி, நீங்க என்ன சோலி பாக்கறீங்க? அதைக் கேக்காமயே காங்கேயத்துல இருந்து பேசிட்டு வந்திருக்கேன். ஈபியில லைன்மேனா. எத்தனை வருசமா? பத்தொம்பது வருசம். சரிங்க.

கொஞ்சம் இருங்க. அந்தத் தகட்டைக் குடுங்க, கவருக்குள்ள போட்டுக்கறேன்.

நல்லூர் வந்துருச்சா? இன்னும் எத்தனை ஸ்டாப்பு? உங்ககிட்டத் தண்ணி பாட்டில் இருக்குதா? குடுங்க. குடிக்க இல்லைங்க. துண்டை நனைக்கோணும்.

ஏனா? ஏன்னா கேக்கறீங்க? பதினொரு மணிக்கு அந்த ஜட்ஜுக்கு முன்னால நல்லசிவம் கேப்பான், எல்லாரும் பாக்கற மாதிரி அதைக் கழட்டிக் காட்டுங்கன்னு. அவன் நோட்டீசுக்கு எழுதுன பதில்லயே அது ஒண்ணைத்தான் கேட்டிருக்கான். கழட்டுனா என்ற மானம் என்னாகறது? எரநூத்திப் பன்னண்டு பேரு மொகத்துல நான் எப்படி முழிக்கறது? தொடைச்சுட்டா எதுவும் இல்லை. பேட்டரி போட்டான், வண்டி ஓடலை, அபூபக்கர் பாய் சாட்சி. நீங்க எதையும் பாக்கலை. நீங்க யாரோ, நான் யாரோ. ஆறு மாசமுங்க! ஆறு மாசம் பாடுபட்டுட்டு, பூட்டை அவன் வாசல் வரைக்கும் கொண்டாந்துட்டு, இப்ப விட்டுருவனா?

பாருங்க, பிளஸ் பக்கம் வந்துருச்சு. சுத்தமா வந்துருச்சு. புதுசாட்டம் இருக்குது. மைனஸ்ஸும் ரெண்டு தேய்ப்புல போயிரும்.

ஈரம் பட்டதும் வாசம் அடிக்குதுங்க. உங்குளுக்கு அடிக்குதா? ஆறு மாசம் ஆயும் போகலை. கட்டையில அரைச்ச சந்தனம்.

அன்னைக்கு அந்தக் கொளந்தையைக் கிட்டப் போய்க்கூடப் பாக்கலைங்க நான். வாசல்ல நின்னு இந்த வாசத்தை மோந்ததோட சரி. அவன் எந்திரிச்சு எடம் விட்டான். ஒரு கையில கொளந்தையைப் புடிச்சுட்டு, இன்னொரு கையால ஜமுக்காளத்தைத் தட்டிக் காட்டுனான், இங்க உக்காருங்கன்னு. முகூர்த்தம் போகுதுன்னு அத்தனை பேரு கத்தும்போது, ரெண்டு காதையும் குத்தி முடிச்சுட்டு அவன் பாட்டுக்கு எந்திரிச்சிருக்கலாம். யாரு கேக்கப் போறா? ஆசாரியை நிறுத்தி வெச்சிருக்கான். ஒம்பதுல இருந்து பத்தே கால் வரைக்கும், அழுவற கொளந்தையை மடியில வெச்சுட்டு, எனக்காக உக்காந்திருக்கான்.

நான் அவன்மேல நாயை அவுத்து விட்டேன்.

இல்லைங்க, வேண்டாம். இனி நானும் தேய்க்கலை, நீங்களும் தொடாதீங்க. மைனஸ் பக்கம் அப்படியே இருக்கட்டும். துண்டைப் புழிஞ்சு தோள்ல போட்டுக்கறேன்.

மன்னிப்புக் கின்னிப்பெல்லாம் நான் கேக்க மாட்டேனுங்க. என்ற வாயில அது வராது, பழக்கமில்லை. ஆனா அந்த ஸ்பானரோடதான் அவன் வருவான், எனக்குத் தெரியும். ஜட்ஜுக்கு முன்னால பேட்டரியை வெச்சு, டேய் நல்லசிவம், நீயே கழட்டுடான்னு சொல்லிருவேன். கழட்டட்டும். உள்ள இருக்கறதை எல்லாரும் பாக்கட்டும். குரூப்புல போடறதுன்னாலும் அவனே போட்டோ புடிச்சுப் போட்டுக்கட்டும். எனக்குன்னு அவன் ஒண்ணை நிறுத்தி வெச்சிருந்தான்ல? அவனுக்குன்னு நானும் ஒண்ணு வெச்சிருக்கேன்.

தோடு இருக்குதா? இருக்குது, இங்கதான் இருக்குது.

எறங்கோணுமுங்க. கண்டக்டர்கிட்ட ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க. சாக்கைக் கொஞ்சம் என்ற தோளுக்குத் தூக்கி விடுங்க. பாத்துத் தம்பி, சாய்க்காதீங்க. சந்தனம் உதுந்துரும்.